ஆவிரைக்கு முற்றத்தில் இடமில்லையா?

ஒரு நாட்டு மக்கள் தம் மண்ணை எவ்வாறு மதிக்கின்றனர் என்பதை அறிய அவர்தம் கழனிகளைக் கண்டால் மட்டும் போதாது. வீட்டு முற்றங்களையும் காண வேண்டும். கழனி வயிற்றுக்காக உழப்படுவது. விளைச்சல் குறைந்தால் உழவன் உடனே விழித்துக் கொள்வான். முற்றமோ விருப்பத்துக்காகப் பேணப்படுவது. ஆகவே, மக்களின் மனம் எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பதை முற்றமே முதலில் காட்டிவிடும்.

இன்று பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் எழும் புதுவீடுகளின் முற்றங்கள் காட்டுவது என்ன? சுவர் தொடங்கிச் சுவர் முடிய ‘சிமெண்டு’ எனும் பைஞ்சுதைப் பூச்சு. அன்றேல், நாள்தோறும் நீர் கேட்கும் கொரியப் புல்லும் தொட்டிகளில் வரிசையாக நிற்கும் குரோட்டன்சுச் செடிகளும். அவ்வீடுகளுக்குச் சற்றுத் தொலைவில், வண்டித் தடத்தின் ஓரத்தில், நட்டவர் இன்றி, நீர் விட்டவர் இன்றி, கடும் வெயிலிலும் பொன்னாகப் பூத்து நிற்கிறது ஆவிரை. அதனை வேலிக்குள் அழைப்பார் இல்லை. செல்வம் வந்ததும் ஏழை உறவினரை வாயிலிலேயே நிறுத்தும் புதுப் பணக்காரரைப் போல, தமிழன் தன் நிலத்தின் செடியைத் தெருவிலேயே நிறுத்தி வைத்திருக்கின்றான்.

இஃது அழகைப் பற்றிய செய்தி மட்டுமன்று. நீரைப் பற்றிய செய்தி. நிலத்தைப் பற்றிய செய்தி. பெயரைப் பற்றிய செய்தியுமாகும்.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தினின்று 1995இல் பிரிந்தது பெரம்பலூர். அதனின்று 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைக்கப்பெற்று, 2007இல் நிலையாகத் தனித்தது அரியலூர். ஆட்சி எல்லைகள் இவ்வாறு பலகால் மாறினும் மண் மாறவில்லை. அம்மண்ணின் அகவை மாந்தர் கணக்குக்கு அடங்காதது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள ஒரு மரம் கல்லாகிக் கிடக்கின்றது. நிலவியல் அறிஞர் எம். எசு. கிருட்டிணன் அதனை 1940இல் கண்டறிந்தார். ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் தொட்ட நிலம் இது. அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளே அரியலூரின் சுண்ணாம்புக் கல்லாயின. அக்கல்லே இன்று வெட்டியெடுக்கப்பட்டுப் பைஞ்சுதையாகின்றது. அரசின் ஆலை 1979 முதல் அங்கு இயங்குகின்றது. தனியார் ஆலைகள் பலவும் அதனைச் சூழ எழுந்துள்ளன.

ஈண்டு ஒரு முரணைக் காண்க. அரியலூர் மண்ணைத் தோண்டி எடுத்த கல், தூளாகிப் பையில் அடைபட்டு, அதே அரியலூரின் முற்றங்களுக்குத் திரும்பி வருகின்றது. வந்து, மண்ணின் வாயை அடைக்கின்றது. தோண்டிய இடத்திலும் மண் இல்லை. பூசிய இடத்திலும் மண் இல்லை. இவ்விரு மாவட்டங்களும் ஆண்டு முழுவதும் பெறும் மழை 1000 மில்லி மீட்டருக்கும் குறைவே. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றால் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் சில நாள்களுக்குள் கொட்டித் தீர்வது. அச்சில நாள்களில் நிலம் வாய் திறந்திருந்தால்தான் எஞ்சிய திங்கள்களுக்குக் கிணற்றில் நீர் இருக்கும்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் அஃது ஓர் இலிட்டர் நீர். 100 சதுர மீட்டர் முற்றத்தில் ஒருநாள் 50 மில்லி மீட்டர் மழை பெய்தால் 5000 இலிட்டர். பூசிய முற்றத்தில் அவ்வளவும் தெருவுக்கு ஓடும். புல்வெளியோ வேறு வகையில் கெடுக்கும். கோடையில் ஒரு சதுர மீட்டர் புல் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து இலிட்டர் நீர் கேட்கும். 100 சதுர மீட்டருக்கு 500 இலிட்டர். மூன்று திங்களுக்கு 45,000 இலிட்டர். குடிநீருக்குக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் ஊரில், ஆடும் மேயாத, மாடும் மேயாத ஒரு புல்லுக்கு இவ்வளவு நீரைக் கொட்டுவது எந்த அறிவின்பாற் படும்? மழைநீர்ச் சேமிப்பைக் கட்டடங்கள் அனைத்துக்கும் கட்டாயமாக்கித் தமிழ்நாட்டு அரசு 2003இல் சட்டம் செய்தது. சட்டத்துக்காக மூலையில் ஒரு குழியை வெட்டிவிட்டு, முற்றம் முழுவதையும் பூசி மூடுவது, ஒரு கையால் உண்டியலில் காசு இட்டு மறு கையால் பணப்பையைத் தெருவில் எறிவதற்கு ஒப்பாகும்.

மண்ணை மூடத்தான் வேண்டும், அதில் ஐயமில்லை. வெற்று மண் வெயிலில் வெடிக்கும், காற்றில் பறக்கும், மழையில் கரையும். ஆனால், மூச்சை அடைக்கும் மூடி வேறு. குளிர் காக்கும் போர்வை வேறு. மண்ணுக்கு வேண்டியது போர்வை. அப்போர்வையை இயற்கை இந்நிலத்திலேயே நெய்து வைத்திருக்கின்றது. ஆவிரை, கொழுஞ்சி, சிறுபூளை என்னும் மூன்றும் அதன் இழைகள்.

இவற்றுள் தலையாயது ஆவிரை. ஆவாரை, ஆவாரம் என்று மக்கள் வழங்குவதும் இதுவே. செம்மண், கரிசல், கல்லாங்குத்து, உவர் கலந்த களர் என்று எந்நிலத்தையும் வெறுக்காதது. ஆழச் செல்லும் ஆணிவேர் உடையது. ஆதலால் மேல்மண் காய்ந்த பின்னும் பசுமை மாறாது நிற்கும். ஆடுமாடுகள் பெரும்பாலும் இதனைத் தீண்டுவதில்லை. ஆகவே வேலியில்லா இடத்திலும் பிழைக்கும். இலைக்காம்பின் அடியில் காதுமடல் போன்ற சிறு செதில்கள் இரண்டு இருக்கும். 1753இல் இச்செடியைப் பட்டியலிட்ட சுவீடன் நாட்டு நிலைத்திணை அறிஞர் இலின்னேயசு, அது கொண்டே ‘காதுடையது’ எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை இட்டார். இதன் பூவில் தேன் இல்லை, பூந்தாதே உண்டு. கருவண்டுகள் பூவைப் பற்றிக்கொண்டு சிறகதிர்த்து முரலும்போது அத்தாது உதிர்ந்து அவற்றின் உடலில் ஒட்டும். வெளிர்நிற வண்ணத்துப்பூச்சிகள் சில, தம் புழுக்களுக்கு இவ்விலையையே உணவாக்குகின்றன. ஒரு முற்றத்தில் நான்கு ஆவிரை நின்றால் அங்கே ஒரு சிற்றுலகம் இயங்கும். குரோட்டன்சு நிற்கும் தொட்டியைச் சுற்றி அவ்வாறு எதுவும் இயங்குவதில்லை.

கொழுஞ்சி முழங்காலளவில் பரந்து நிற்கும் குறும்புதர். ஊதாச் சிறுபூக்கள் பூப்பது. இதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. (ஆவிரையும் நெற்று தரும் குடும்பத்ததே எனினும் இவ்வேர்முடிச்சு அதற்கு இல்லை, ஆகவே இரண்டையும் சேர்த்து நடுவதே நன்று.) செயற்கை உரம் வருமுன் தமிழக உழவர் நெல்வயலில் மிதித்த தழையுரங்களுள் கொழுஞ்சி முதன்மையானது. சிறுபூளையோ தரையோடு படர்ந்தும் சற்றே நிமிர்ந்தும் வளர்ந்து, வெண்பஞ்சு போன்ற கதிர்களைத் தருவது. பொங்கலுக்கு முந்தைய நாள் கொங்கு நாட்டிலும் அதனை ஒட்டிய பகுதிகளிலும் ஆவிரை, சிறுபூளை, வேப்பிலை மூன்றையும் கட்டிக் கூரையில் செருகிக் காப்புக் கட்டும் வழக்கம் இன்றும் உண்டு. ஆனால், வீட்டுப் பின்புறத்தில் ஒடித்து வந்த அக்கொத்தை இன்று நகரத்தார் கடைத்தெருவில் காசு கொடுத்து வாங்குகின்றனர். மண்ணிலிருந்து விலகிய தொலைவை அக்காசு அளந்து காட்டுகின்றது.

ஆவிரை தமிழுக்குப் புதியதன்று. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு வரிசைப்படுத்தும் பூக்களுள் ஆவிரையும் ஒன்று. காதல் கைகூடாத தலைவன் மடலேறும் பொழுது சூடிக்கொள்ளும் பூவும் இதுவே என்பதைக் குறுந்தொகையும் கலித்தொகையும் கூறும். மலர்களில் உயர்ந்தது தாழ்ந்தது என்று பாராத காலம் அது. வறண்ட நிலத்தின் பூவுக்கும் பாட்டில் இடம் இருந்தது. அக்குறிஞ்சிப்பாட்டு உள்ளிட்ட பத்துப்பாட்டை 1889இலும் குறுந்தொகையை 1937இலும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், தம் இளமையில் தமிழ் கற்ற ஊர்களுள் இந்த அரியலூரும் குன்னமும் அடங்கும். ஏட்டில் அவர் கண்ட ஆவிரையை அவர் கற்ற ஊர்களின் தெருவோரங்களே முன்னதாக அவருக்குக் காட்டியிருக்கும். இன்று அதே ஊர்களின் பள்ளிகளில் பாட்டில் உள்ள பூவின் பெயரை மாணவர் ஒப்பிக்கின்றனர். பள்ளி மதிலுக்கு வெளியே நிற்கும் செடியைக் காட்டினால் பெயர் சொல்லத் தயங்குகின்றனர். பொருள் கண்ணில் இருந்தும் சொல் நாவில் இல்லை. சொல் நாவில் இருந்தும் பொருள் கருத்தில் இல்லை. இவ்விரண்டும் பிரிந்தபின் மொழி எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்?

ஆவிரை தொழிலுக்கும் உதவியது. அதன் பட்டையில் உள்ள துவர்ப்பு, தோலைப் பதப்படுத்த வல்லது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் சென்னை மாநிலத்தினின்று கப்பலேறிய பதனிட்ட தோல் பெரிதும் ஆவிரைப் பட்டையால் பதமானதே. சிற்றூர் மக்கள் செடியை அடியோடு அழிக்காமல் கிளைகளை வெட்டிப் பட்டை உரித்தனர். வெட்டிய அடியினின்று செடி மீண்டும் தழைத்தது. பின்னர்த் தென்னாப்பிரிக்காவினின்று வேற்றுமரப் பட்டை இறக்குமதியாயிற்று. அதன்பின் குரோமிய உப்பு வந்தது. வேலூர் மாவட்டத் தோல் ஆலைகளின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்க வேண்டிய நிலை ஏற்பட்டது. உள்ளூர்ச் செடியைக் கைவிட்டதன் விலை, ஒரு தலைமுறைக்குப் பின்னே தண்ணீரில் தெரிந்தது.

அண்டை நிலத்தார் இச்செடியை மறக்கவில்லை. 2014இல் தனி மாநிலமான தெலங்கானா, ‘தங்கேடு’ எனும் பெயரில் இதனையே தன் மாநில மலராக்கிக் கொண்டது. அங்குப் பெண்கள் கொண்டாடும் பதுக்கம்மா விழாவில் அடுக்கப்படும் பூக்களுள் இஃது ஒன்று. இலங்கையில் சிங்கள மக்கள் ‘இரணவரா’ என்று பெயரிட்டு இதன் பூவைக் கொதிக்கவைத்துப் பருகுகின்றனர். தமிழ்நாட்டிலோ, ஆவிரை பூத்த ஊரில் சாவைக் காண்பது அரிது எனும் பொருள்படப் பழமொழி மட்டும் வாழ்கின்றது. பழமொழியைக் காப்பாற்றிச் செடியைக் கைவிடுவது, பெற்றோரின் படத்துக்கு மாலையிட்டு அவர்தம் நிலத்தை விற்பது போன்றது.

இனி, அழகுக்காக வந்த அயற்செடி யாது செய்யும் என்பதற்கும் சான்று தேடி அலைய வேண்டா. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட அழகுக்காக இந்தியாவில் நுழைந்த அமெரிக்கச் செடியே உண்ணிச்செடி. இன்று அது மலைக்காடுகளை வளைத்துக்கொண்டு யானைக்கும் மானுக்கும் புல்லின்றிச் செய்துவிட்டது. விறகுக்காக அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த சீமைக் கருவேல் ஏரிகளையும் தரிசுகளையும் விழுங்கிற்று. ஆவிரை நின்ற இடம் பலவற்றில் இன்று அதன் முள்ளே நிற்கின்றது. சீமைக் கருவேலை அகற்ற உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் ஆணையிட்டது. இத்தகைய ஊடுருவிச் செடிகளை அகற்றுவதற்கெனத் தமிழ்நாட்டு அரசு 2022இல் தனிக் கொள்கையே வகுத்தது. நுழைவதற்கு ஒரு கை போதியது. அகற்றுவதற்கு அரசும் நீதிமன்றமும் வேண்டியுள்ளன.

“அயல்நாட்டுச் செடி எல்லாமே பகையா? பெரம்பலூரின் மக்காச்சோளமும் அரியலூரின் முந்திரியும் அமெரிக்காவினின்று வந்தவை அல்லவா? மிளகாய் இன்றித் தமிழன் உண்பானா?” எனச் சிலர் கேட்பர். கேட்பது முறையே. அறிவுடையார் எவரும் வந்தவை அனைத்தையும் வெறுப்பதில்லை. மிளகாய் வந்தபோது தமிழன் அதற்கு மிளகோடு காயைச் சேர்த்துத் தன் சொல்லால் பெயரிட்டான். தன் சமையலில் இடம் கொடுத்தான். அதற்காக மிளகை வெளியேற்றவில்லை. அது விருந்து. வந்தது வாழ, இருந்தது அழியுமானால் அது விருந்தன்று, குடியேற்றம். பயன் தந்து, இருப்பதோடு ஒத்து வாழும் செடியை வரவேற்பதும், பயனும் இன்றி நீரையும் உறிஞ்சி, உள்ளூர்ச் செடியின் இடத்தையும் பறிக்கும் செடியை மறுப்பதும் ஒரே அறிவின் இரு செயல்கள். மொழியிலும் இதுவே முறை.

“புதர் வைத்தால் பாம்பு அடையும்” என்பது மற்றொரு தடை. இது வெற்றச்சம் என்று தள்ளத்தக்கதன்று. சிறுவர் விளையாடும் இடம் முற்றம். ஆனால், பாம்பு அடைவது பேணாத அடர்ந்த புதரிலும் குவித்து வைத்த கல், விறகு, குப்பை ஆகியவற்றிலுமே. வாயிற்படியிலிருந்தும் நடைவழியிலிருந்தும் இரண்டு மூன்றடி இடம் விட்டு நட்டு, ஆவிரையை முழங்காலளவில் வெட்டிவந்து, அடியைக் கண்ணுக்குத் தெரியுமாறு தூய்மையாக வைத்திருப்பின் இவ்வச்சம் பெரிதும் நீங்கும். வெட்ட வெட்டத் தழைப்பது ஆவிரையின் இயல்பாதலின் வெட்டுவதால் அதற்கு இழப்பில்லை. கிளைகள் பக்கவாட்டில் பெருகி நிலத்தை மேலும் நன்றாக மூடும்.

வளர்க்கும் முறையும் எளியதே. பழுப்பாகக் காய்ந்த ஆவிரை நெற்றுகளைப் பறித்து வித்தெடுக்க வேண்டும். அவ்வித்தின் தோல் வன்மையானது. அப்படியே ஊன்றினால் பல வித்துகள் முளையாமல் கிடக்கும். ஆகவே, பருமணலோடு சேர்த்துத் தேய்த்தோ, கொதித்து இறக்கிய வெந்நீரில் இட்டு ஆறவிட்டு ஓரிரவு ஊறவைத்தோ விதைக்க வேண்டும். கொழுஞ்சி வித்துக்கும் மணலில் தேய்ப்பதே முறை. ஆணிவேர்ச் செடியாதலின் பிடுங்கி நடுவதைவிட நிலைத்த இடத்திலேயே ஊன்றுவது நன்று. புரட்டாசி இறுதியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ முதல் மழை மண்ணில் இறங்கியதும் மூன்றடிக்கு ஒரு குழியாக இரண்டு மூன்று வித்துகள் இடுக. முளைத்தவற்றுள் வலியதொன்றை விடுக. இடைவெளியில் கொழுஞ்சியைத் தூவுக. ஓரங்களிலும் படிகளின் இடுக்கிலும் சிறுபூளை தானே வரும். வந்தால் களையென்று பிடுங்காதிருக்க. நீர் கசியும் தொட்டியடி, கிணற்றடி போன்ற ஈரமான மூலைகளுக்குப் பொடுதலை ஏற்றது. அது தரையோடு ஒட்டிப் படர்ந்து மிதியையும் ஓரளவு தாங்கும்.

பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசலில் மழைக்காலத்தில் நீர் தேங்கும். ஆவிரை வறட்சியைத் தாங்குமே அன்றித் தேங்கிய நீரைத் தாங்காது. அங்கே மண்ணைச் சற்று உயர்த்தி மேட்டில் நடுக. செந்துறை, செயங்கொண்டம் பக்கத்துச் செம்மண்ணுக்கு இக்கவலை இல்லை. முதற்கோடையில் மட்டும் கிழமைக்கு ஒருமுறை நீர் விட்டால் போதும். அடுத்த ஆண்டு முதல் மழையே போதும். பூத்து ஓய்ந்தபின் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வெட்டுக. வெட்டிய தழையை எரிக்காமல் செடியின் அடியிலேயே பரப்புக, அதுவே உரம், அதுவே ஈரங்காப்பு.

இதற்கு அரசின் பொருளுதவி வேண்டா. நாற்றுப் பண்ணைக்குக் கொடுக்கும் விலையும் வேண்டா. வேண்டுவது மனம் ஒன்றே. ஆயினும், தனி வீடுகளோடு இது நின்றுவிடுதல் ஆகாது. பள்ளி வளாகங்கள், ஊராட்சி அலுவலகங்கள், ஏரிக்கரைச் சரிவுகள், சாலையோரங்கள் ஆகியவற்றிலும் ஆவிரையும் கொழுஞ்சியும் இடம்பெற வேண்டும். சுண்ணாம்புக்கல் எடுத்துக் கைவிட்ட குழிகளின் கரைகளில் எதை நடுவது என்று எண்ணுவோர், களர்நிலத்தையும் பொறுக்கும் உள்ளூர்ச் செடியிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை. பள்ளிகளில் நடும்பொழுது செடியின் அருகில் அதன் தமிழ்ப்பெயரை எழுதி வைக்க வேண்டும். பாடநூலில் பெயரும் வேலியோரத்தில் செடியுமாகப் பிரிந்து கிடக்கும் இரண்டையும் ஆசிரியர் ஒருவரே ஒரு காலைப்பொழுதில் இணைத்துவிட இயலும்.

சாத்தனூரில் கிடக்கும் கல்மரம் ஓர் உண்மையைச் சொல்லாமல் சொல்கின்றது: ஒரு நிலத்தின் செடிகொடிகள் என்றும் நிலைத்திருப்பவை அல்ல, அழியக் கூடியவை. அம்மரத்தை அழித்தது காலம். அதனைத் தடுக்க எவராலும் இயலாது. ஆவிரையை அழிப்பது பைஞ்சுதைக் கரண்டியும் அலட்சியமும். இதனைத் தடுக்க ஒவ்வொரு வீட்டாராலும் இயலும். வரும் ஐப்பசிக்குள் முற்றத்தின் ஒரு மூலையையேனும் உடைத்து மண்ணைத் திறந்து வைக்கட்டும் தமிழர். அதில் நான்கு வித்துகளை ஊன்றட்டும். இரண்டொரு ஆண்டில் அங்கே பூக்கும் பொன்மலரைத் தம் மக்களுக்குக் காட்டி, அதன் பெயரை வாயாரச் சொல்லித் தரட்டும்.